பாப்பா வருவதற்கு ஓர் ஒறுத்தல்

ஜூஜுவாடி,
சனிக்கிழமை மாலை.

அன்பு மகள் டெல்பினுக்கு அப்பா எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். முதல் வார்த்தையே பொய்யாகிவிடும் என்று விட்டுவிட்டேன். நீ சுகமாக இரு. மாதா உன்னைக் காப்பாற்றட்டும்.

போன் இருக்கும்போது அப்பா எதற்குக் காகிதத்தில் எழுதுகிறார் என்று யோசிப்பாய். நம் வீடு உனக்குத் தெரியும். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. நான் இங்கே தும்மினால் உன் அம்மா அங்கிருந்து மாத்திரை போட்டீர்களா என்று கேட்பாள். கம்பெனியில் பேசலாம் என்றால் போனை கேட்டிலேயே வாங்கிப் பூட்டிவிடுகிறார்கள். ரோட்டில் நின்று பேசலாம் என்றால் அத்திப்பள்ளி போகிற லாரிச் சத்தத்தில் நான் சொல்வது உனக்குக் கேட்காது, நீ அழுவது எனக்குக் கேட்காது. செய்தி அனுப்பினால் உன் அம்மா என் போனை எடுத்துப் பார்த்துவிடுவாள். தன் அக்கா கல்யாணத்துக்கு ஊருக்கு வந்த மெல்வின் திங்கட்கிழமை கிளம்புகிறான். நீ படிக்கிற ஊரிலேயே அவனும் படிப்பதால் அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். உன் அறைக்கே வந்து தர வேண்டும், நீ வாசித்து முடிக்கிற வரை கூட இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

முதலில் ஊர்ச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். வீட்டு ஓனர் சென்னப்பன் மாடியில் இன்னொரு வீடு எழுப்புகிறார். வாசலெல்லாம் மணல். ஏதாவது கேட்டால் தெலுங்கில் தொடங்கிக் கன்னடத்துக்குப் போய், வாடகை என்று வரும்போது மட்டும் சுத்தத் தமிழில் பேசுகிறார். கம்பெனியில் என் லைனுக்குப் புது மெஷின் வந்திருக்கிறது. மெஷின் செய்கிற வேலையைச் சரிபார்க்க நான் நிற்கிறேன், நான் ஒழுங்காக நிற்கிறேனா என்று பார்க்க ஒரு கேமரா வைத்திருக்கிறார்கள். போன வாரம் ராயக்கோட்டைக்குத் தக்காளி வாங்கப் போனேன். சானமாவுக் காட்டில் யானை ரோட்டைக் கடக்கிறது என்று வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். வெயிலில் வெகுநேரம் நின்றேன். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் உன் அம்மா, "யானையே நடந்துதான் போவுது, எனக்கு எதுக்குங்க ஆட்டோ" என்றாள். இப்போது எதைச் சொன்னாலும் அங்கேதான் கொண்டுபோய் முடிக்கிறாள்.

எங்கே என்று சொல்கிறேன். நீ ஜெர்மனி போனதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும், காசில்லாத பிள்ளைகள் பூமியைக் கெடுக்காமல் எப்படி வாழலாம் என்று எங்களுக்குப் பாடம் எடுத்தாயே, அதில் ஒன்றையும் அவள் மறக்கவில்லை. அரிசியை ஒரு கொதி விட்டு இறக்கிக் கம்பளியில் சுற்றி வைத்தால் தானாக வெந்துவிடும், கரண்ட் மிச்சம் என்று சொன்னாய். இங்கே குக்கர் பரண் ஏறிவிட்டது. உன் பள்ளிக்கூட ஸ்வெட்டரைச் சுற்றிக்கொண்டுதான் நம் வீட்டுச் சோறு வேகிறது. கடை மூடுகிற நேரத்தில் மிஞ்சின ரொட்டியை வாங்கிக்கொள்வேன், குப்பைக்குப் போகாது என்று சொன்னாய். அன்றிலிருந்து நான் ராயக்கோட்டையில் நல்ல தக்காளியாகப் பார்த்துப் பொறுக்கக் கூடாது. வெடித்தது, நசுங்கினது என்று வியாபாரி ஒதுக்கிப் போடுவதைத்தான் துணிப்பையில் அள்ளி வர வேண்டும். தீர்த்தகிரி என்று ஒரு வியாபாரி, என் சட்டையையும் வண்டியையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மாடு எத்தனை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டான். மாடியில் சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவே தக்காளி வற்றல் காய்கிறது. பழைய துணிக்கடையில் கோட்டு வாங்கினேன் என்றாய், கிறிஸ்துமஸுக்கு அவள் புடவை எடுக்கவில்லை. அரிசி கழுவின தண்ணீர் முருங்கைக்குப் போகிறது, துணி அலசின தண்ணீர் வாசலுக்குப் போகிறது.

இதெல்லாம் நல்ல காரியம்தான். கரண்ட் பில்லைப் பார்த்துவிட்டு நான்கூட உன்னை மெச்சிக்கொண்டேன். என் மகள் வெளிநாட்டில் இருந்துகொண்டே ஜூஜுவாடியில் குடும்பம் நடத்துகிறாள் என்று கேன்டீனில் பெருமை அடித்தேன்.

பிறகு அவள் ஃப்ரிட்ஜை அணைத்தாள். பிறகு ஃபேனை. ஓசூரில் மே மாதமும் போர்வை கேட்கும் என்பதெல்லாம் பழைய கதை, இப்போது தகர ஷெட் மாதிரி கொதிக்கிறது. பிறகு வெந்நீரை நிறுத்தினாள். அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. விடியற்காலையில் பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, உதடு கறுத்து, நடுங்கிக்கொண்டு வந்து நிற்கிறாள். தெருவே கேட்கிற மாதிரி கத்திவிட்டேன். என்னவோ ஏதோ என்று பக்கத்து வீட்டு வினிதா ஓடி வந்தாள். உன் அம்மா நடுங்கிக்கொண்டே சிரித்து, அவர் கிரிக்கெட் பார்த்துவிட்டுக் கத்துகிறார் என்று சொல்லி அனுப்பினாள். டிவி அணைந்து கிடந்தது.

ஈஸ்டர் அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் புரிந்தது. எலத்தகிரியிலிருந்து உன் மாமா ஆட்டுக்கறி கொடுத்தனுப்பியிருந்தார். உன் அம்மா ஆசையாகச் சமைத்தாள், எனக்குப் பரிமாறினாள், தனக்கு ரசத்தை ஊற்றிக்கொண்டாள். தவக்காலம் முடிந்து ஆண்டவரே உயிர்த்துவிட்டார், நீ இன்னும் ஏன் கறியை விட்டுக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டேன்.

"இது அந்த ஒறுத்தல் இல்லிங்க" என்றாள். "இது பாப்பா வர்றதுக்கு."

ஒறுத்தலைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தவக்காலம் வந்தால் ஆளுக்கொன்றை விடுவோம், காபியையோ கறியையோ. விட்டதை ஒரு கருத்துக்காக ஆண்டவரிடம் ஒப்புக்கொடுப்போம். நீ சின்னப் பிள்ளையில் ஐஸ்கிரீமை விட்டுவிட்டுக் கணக்குப் பரீட்சைக்காக ஒப்புக்கொடுத்தாய். அந்த வருஷம் நீ பாஸ் ஆனாய், இன்றைக்கும் உன் அம்மா அதை ஐஸ்கிரீம் கணக்கில்தான் வைத்திருக்கிறாள். ஒருவர் வாயைக் கட்டினால் அது இன்னொருவருக்குப் போய்ச் சேரும் என்று நம்பித்தான் அவள் வளர்ந்திருக்கிறாள்.

போன கிறிஸ்துமஸில் எப்போது வருவாய் என்று அவள் உன்னைக் கேட்டாளே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு தடவை பிளேன் ஏறினால் அது விடுகிற புகையில், வருஷம் முழுக்க மிச்சம் பிடித்த கார்பன் எல்லாம் ஒரே நாளில் போய்விடும் என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். அப்படியென்றால் வரவே மாட்டாயா என்றாள். அதற்கு நீ, "நீ அங்க கொஞ்சம் மிச்சம் பிடிம்மா, நான் அதுல ஏறி வந்துடறேன்" என்றாய். விளையாட்டாகச் சொன்னாய், எனக்குத் தெரியும். நானும் பக்கத்தில் இருந்து சிரித்தேன். அவள் மட்டும் சிரிக்கவில்லை. கார்பன் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. ஒறுத்தல் என்றால் தெரியும். ஃபேனை அணைக்கும்போது உதடு அசைகிறது. என்ன என்று கிட்டே போய்க் கேட்டால், டெல்பின் வருகைக்காக என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

எடுத்துச் சொல்லாமல் இல்லை. நீ இங்கே ஃபேனை அணைத்தால் அங்கே பிளேன் கிளம்பாது என்று சொன்னேன். பங்குச் சாமியாரிடம் சொல்லி அவரையும் பேசச் சொன்னேன். அவர் அன்பாகத்தான் எடுத்துச் சொன்னார். அவரிடம் பவ்யமாகத் தலையாட்டிவிட்டு, தெருமுனைக்கு வந்ததும், சாமி காரில் போகிறவர், அவருக்கு இது எப்படித் தெரியும் என்கிறாள்.

ஒருநாள் கோபத்தில் கேட்டுவிட்டேன். உடம்பு முடியாமல் போகிற வரை ரோஜாப் பண்ணையில் பூக்கட்டும் வேலைதானே பார்த்தாய், பிப்ரவரி வந்தால் உட்கார நேரமில்லாமல் பெட்டி பெட்டியாகக் கட்டி வெளிநாட்டுக்கு அனுப்பினீர்களே, அந்தப் பூவெல்லாம் நடந்தா போயிற்று? வாடிப்போகிற பூ பிளேனில் போகலாம், பெற்றவளைப் பார்க்கப் பிள்ளை பிளேனில் வரக் கூடாதா என்று கேட்டேன். அவள் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து, "அதுவும் என் கணக்குலதான வரும், நான்தான கட்டுனேன். அப்ப இன்னும் கொஞ்சம் விடணுங்க" என்றாள். மறுநாளிலிருந்து மாலைக் காபியும் போயிற்று. நான் வாயைத் திறக்காமலாவது இருந்திருக்கலாம்.

இவ்வளவும் எழுதிவிட்டேன், எழுத வேண்டியதை எழுதக் கை வரவில்லை. உனக்குச் சொல்லக் கூடாது என்று அவள் தன் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அதை இப்போது மீறுகிறேன். பாவம் இருந்தால் அது என்னோடு போகட்டும்.

அம்மாவுக்கு அல்சர் என்று உனக்குச் சொன்னோம். அது அல்சர் இல்லை. வயிற்றில் கட்டி, கெட்ட கட்டி. பெங்களூர் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினார்கள், முடியெல்லாம் கொட்டிவிட்டது. வீடியோவில் எப்போது பார்த்தாலும் முக்காடு போட்டிருப்பதைப் பார்த்து, எந்நேரமும் ஜெபமாலைதானாம்மா என்று கிண்டல் செய்வாய். அவளும் ஆமாம் என்று மணியைத் தூக்கிக் காட்டுவாள். நீ கூப்பிடுகிற சத்தம் கேட்டதும் முதலில் முக்காடு, அடுத்தது ஜெபமாலை, அதற்குப் பிறகுதான் போனை எடுப்பாள். நான் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.  சில நாள் தண்ணீர் பிடிக்கிற சாக்கில் வெளியே போய்விடுவேன். அப்பா எங்கே என்று நீ கேட்பாய்.

போன மாதம் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இனிமேல் மருந்து ஏற்றிப் பயனில்லை, வீட்டிலேயே வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். பார்க்க வேண்டியவர்கள் இருந்தால் வரச் சொல்லிவிடுங்கள் என்றார். கன்னடத்தில்தான் சொன்னார், அது எனக்குப் புரியாமலே போயிருக்கக் கூடாதா. வெளியே வந்தபோது என்ன சொன்னார்கள் என்று உன் அம்மா கேட்கவில்லை. பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டு, பாப்பா பரீட்சை எழுதி முடிக்கிற வரை மூச்சு விடக் கூடாது என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கும் ஆட்டோ வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

உன் மாமா வேளாங்கண்ணிக்குக் கார் வைத்துக் கூட்டிப்போகிறேன் என்று வந்து நின்றார். எவ்வளவோ கெஞ்சினார். இங்கிருந்து சொன்னாலே மாதாவுக்குக் கேட்கும், அவ்வளவு தூரம் காரில் போனால் சேர்த்ததெல்லாம் கரைந்துவிடும் என்று அனுப்பிவிட்டாள். தங்கச்சிக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று மாமா என்னிடம் வாசலில் நின்று அழுதார். புத்தியெல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது. உன்னைப் பார்க்க வேண்டும், அது ஒன்றுதான். கேட்டால் நீ படிப்பைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாய் என்று கேட்காமல், பட்டினி கிடந்து உன்னைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

மெல்வின் போன வாரம் வந்திருந்தான். அம்மா அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து உன்னைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டாள். பனியிலும் சைக்கிளில்தான் போகிறாள் என்றான். அறையில் ஹீட்டர் போடாமல் லைப்ரரியில் போய் உட்கார்ந்து படிக்கிறாள் என்றான். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. வினிதாவைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். கிளம்பும்போது நான் அவனோடு தெருமுனை வரை நடந்தேன். எங்கள் பாப்பா ஒரு வேளையாவது சூடாகச் சாப்பிடுகிறாளா தம்பி என்று கேட்டேன். அங்கே எல்லாரும் அப்படித்தான் அங்கிள் என்றான். என் முகத்தைப் பார்க்காமல் ஹெல்மெட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

கண்ணு, உன் சிக்கனத்தில் பூமிக்காக எவ்வளவு, கையில் இல்லாததால் எவ்வளவு என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. உன்னைக் கேட்கவும் மாட்டேன். குளிர்கிறது, பசிக்கிறது என்று சொல்ல உனக்கும் வாய் வராது, நீ அவள் பெற்ற பிள்ளை. அங்கே நீ வயிற்றைக் காயப்போடுகிறாய், இங்கே அவள் காயப்போடுகிறாள். நடுவில் நான் ஒருவன் மூன்று வேளையும் தின்றுகொண்டு, உங்கள் இரண்டு பேரையும் நினைத்து அழுதுகொண்டிருக்கிறேன்.

டிக்கெட்டை மெல்வின் போட்டுத் தருவான். பேசி முடித்தாயிற்று, அதைப் பற்றி நீ ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது. பரீட்சையை அடுத்த தடவை எழுதிக்கொள்ளலாம் என்று அவன் சொல்கிறான். இதைப் படித்ததும் அழுதுகொண்டே போன் செய்துவிடாதே. வரும் நாளை முடிவு செய்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, சாதாரணமாகக் கூப்பிட்டு, அம்மா நான் வருகிறேன் என்று சொல். முக்காட்டைப் பற்றிக் கேட்காதே.

அதுவரைக்கும் அவள் தாங்க வேண்டும். யாராவது கணக்குப் போதும் என்று சொன்னால்தான் அவள் நிறுத்துவாள். நாளைக்குப் பூசை முடிந்து வந்ததும் நானே சொல்லப்போகிறேன், மெல்வின் போனில் கணக்குப் போட்டுப் பார்த்தான், சேர்ந்தது போதுமாம், பாப்பா வரலாமாம் என்று. கம்பெனியில் ஒரு பொய்க் கையெழுத்துப் போட்டதில்லை நான். நீ வந்து இதை உண்மையாக்கிவிடு.

உடம்பைப் பார்த்துக்கொள். சூடாக ஏதாவது சாப்பிடு. திரு இருதய ஆண்டவர் உன்னை எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
சகாயநாதன்

* * *

திங்கட்கிழமை காலை.

டெல்பின் கண்ணு,

கவரை ஒட்டி வைத்திருந்தேன். மறுபடியும் பிரித்து இந்தத் தாளையும் வைக்கிறேன்.

நேற்றுச் சொல்லிவிட்டேன். மெல்வினும் வந்து போனைக் காட்டி, ஆமாம் ஆன்ட்டி, நிறையவே சேர்த்திருக்கிறீர்கள் என்றான். நல்ல பையன். உன் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் போனை வாங்கிப் பார்த்தாள். அதில் அவளுக்கு என்ன தெரிந்ததோ, கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எழுந்து போய் அவளே ஃபேனைப் போட்டாள். மத்தியானம் முட்டை சாப்பிட்டாள். பாதி வாந்தியாகப் போயிற்று, பாதி தங்கியது. சாயங்காலம் உன் மடக்குக் கட்டிலை இறக்கித் துடைக்கச் சொன்னாள். உனக்கு உயரமான தலையணையா தட்டையான தலையணையா என்று எனக்கும் அவளுக்கும் சண்டை. நான் தோற்றுப்போனேன். அவளை இவ்வளவு சந்தோஷமாகப் பார்த்து எத்தனையோ நாளாயிற்று. பொய் சொன்னாலும் நல்ல பொய்தான் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

இன்றைக்கு விடிந்ததும் குளியலறையில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. அடுப்பைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. ஃபேன் நின்றிருந்தது. வெளியே வந்தவளுக்குப் பல் கிட்டிப் போயிருந்தது, நிற்க முடியவில்லை. போர்வையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். போதும் என்றுதான் சொல்லிவிட்டார்களே, இன்னும் யாருக்காக இந்தப் பிடிவாதம் என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. நடுக்கம் அடங்கும் வரை அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

"வர்றதுக்குத்தாங்க அது போதும்" என்றாள். "படிப்பு பாதியில கெடக்குது, புள்ள திரும்பிப் போவ வேணாமா? போறதுக்கும் சேத்து வெக்கணும்ல."

நான் அடுப்பைப் பற்றவைத்து வெந்நீர் போட்டேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து அணைத்துவிட்டுப் போனாள்.

மெல்வின் வாசலில் வண்டியோடு நிற்கிறான். அவனுக்கு நேரமாகிறது. நீ வருகிற வழிக்கு அம்மா சேர்த்து முடித்துவிட்டாள். நீ போகிற வழிக்கு அவளால் சேர்த்து முடிக்க முடியாது கண்ணு, அவ்வளவு நாள் அவளுக்கு இல்லை. வந்துவிடு.

உன் நெற்றியில் நான் இங்கிருந்தே சிலுவை வரைகிறேன். அம்மா வரைய வேண்டியதை அவள் கையால் வந்து வாங்கிக்கொள்.

அப்பா